லேப்ல வந்துருச்சு, அப்புறம் ஏன் ஃபேக்டரி வரல? கடற்பாசிய வச்சு பைலட் பிளான்ட் பத்தி ஒரு விளக்கம்

ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கடற்பாசி பத்தி பேச்சு வந்தா இப்பல்லாம் ஒரு கேள்வி கண்டிப்பா வந்துரும். பாசியில இருந்து பிளாஸ்டிக் கவர் மாதிரி ஷீட் எடுக்கலாம்னு பேப்பர்ல போடுறாங்க, வீடியோவுல கையில பிடிச்சு இழுத்துக் காட்டுறாங்க, சுடுதண்ணியில போட்டா கரையுதுன்னு வேற காட்டுறாங்க, அப்புறம் ஏன் இன்னும் நம்ம ஊரு கடையில அந்தக் கவர் வரல? பாசி வளக்கிற ஒரு அக்கா இதையே நேரா கேட்டாக: "ஏன் தம்பி, சின்னச் சட்டியில வர்றது பெரிய அண்டாவுல வராதா?" வரும்க்கா, ஆனா அதே மாதிரி வராது. ஏன் அதே மாதிரி வராதுன்னுதான் இங்க எழுதப்போறேன். கெமிஸ்ட்ரி படிக்காதவங்களுக்கும் புரியணும், பத்தாங்கிளாஸ் கணக்கு தெரிஞ்சா போதும்.

மொதல்ல படிக்கட்டு என்னன்னு பாத்துருவோம். லேப்ல எல்லாம் கிராம் கணக்கு, பீக்கர், ஹாட்பிளேட், அதிகபட்சம் ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர். அடுத்தது கிலோ கணக்கு, ஒரு இருபது அம்பது லிட்டர் பாத்திரம். அதுக்கு அடுத்ததுதான் பைலட் பிளான்ட், ஆயிரம் லிட்டர் தொட்டின்னு வச்சுக்கங்க, ஃபேக்டரில வரப்போற மாதிரியே பம்பு, குழாய், பாய்லர், டிரையர் எல்லாம் இருக்கும் ஆனா அளவு சின்னது. அதுக்கப்புறம்தான் ஃபேக்டரி. ஒவ்வொரு படிக்கும் சுமாரா பத்துல இருந்து இருபது மடங்கு, தெரிஞ்ச புராசஸா இருந்தா அதுக்கும் மேல தாண்டலாம், புதுசா இருந்தா தாண்டக் கூடாது. இதுல பைலட் பிளான்ட்ட பத்தி ஜனங்க தப்பா நினைக்கறது ஒண்ணு இருக்கு, அத ஒரு சின்ன ஃபேக்டரின்னு நினைச்சுட்டு "எத்தன கிலோ வருது, எவ்வளவு லாபம்"னு கேப்பாங்க. பைலட்ல இருந்து வெளிய வர வேண்டிய முக்கியமான சரக்கே நம்பர்தான். எத்தன கிலோ பாசி உள்ள போச்சு, எத்தன லிட்டர் தண்ணி, எவ்வளவு காஸ்டிக் காரம், எவ்வளவு விறகு இல்லாட்டி கரண்ட், எத்தன மணி நேரம், கடைசியில எவ்வளவு வந்துச்சு, மிச்சம் எங்க போச்சு. இந்த நம்பர் இல்லாம ஃபேக்டரி டிசைன் பண்றவர் கையில ஒண்ணுமே இல்ல.

சரி, லேப்ல என்ன நடக்குதுன்னு சுருக்கமா. நம்ம கடல்ல மூங்கில் மிதவையில வளக்கிறது கப்பாஃபைகஸ்ங்கற பாசி. ஊர்ல பெப்சி பாசின்னு சொல்லுவாங்க, 2000-க்கு அப்புறம் பெப்சி கம்பெனி ஒப்பந்த முறையில வளக்க வச்சதால வந்த பேரு. அதுக்கு முன்னாடி 1990-கள்லயே மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்டபம் நிலையத்துல வளத்துப் பாத்திருந்தாங்க. நாத்து கட்டி விட்டா 45 நாள்ல அறுக்கலாம். இந்தப் பாசிக்குள்ள கராஜினன்னு ஒரு பிசின் இருக்கு, ஐஸ்கிரீம், சாக்லேட் பால், டூத்பேஸ்ட் இதுல எல்லாம் கெட்டியாக்கறதுக்கு சேக்கறது அதைத்தான். காஞ்ச பாசிய கழுவி நறுக்கி, 8 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுங்கற காரக் கரைசல்ல 75-80 டிகிரில ரெண்டு மூணு மணி நேரம் வேக வச்சு, காரம் போற வரைக்கும் கழுவி, காய வச்சு அரைச்சா அரை சுத்திகரிப்பு கராஜினன் பவுடர் வரும். அந்தக் காரம் ரெண்டு வேலை பாக்குது. பிசினோட சங்கிலியில சில இடத்துல இருக்கற சல்ஃபேட்ட எடுத்துட்டு அந்த இடத்த முறுக்கி விடுது, அதனால ஜெல் கெட்டியா வரும். அதே நேரத்துல அதுல இருக்கற பொட்டாசியம் அந்தப் பிசின் தண்ணியில கரைஞ்சு ஓடாம பாசிக்குள்ளேயே பிடிச்சு வைக்குது. சோடியம் ஹைட்ராக்சைடு விலை கம்மிதான, அத போடலாம்லன்னு கேட்டா, போட்டா பிசின் கரைஞ்சு தண்ணியோட போயிரும், அதான் இங்க பொட்டாசியமே வேணும்.

ஷீட்டுக்கு அந்த பவுடர 2 சதவீதம் மாதிரி சுடுதண்ணியில கரைச்சு, வளையறதுக்கு கொஞ்சம் கிளிசரின் சேத்து, கண்ணாடித் தட்டுல ஊத்தி ராத்திரி முழுக்க சூட்டு அடுப்புல (ஓவன்) வச்சா காலையில உரிச்சு எடுக்கலாம். அழகா வரும், சந்தேகமே இல்ல.

இப்ப இத ஆயிரம் லிட்டருக்குக் கொண்டு போவோம்.

மொத பிரச்சினை சூடு. ஒரு லிட்டர் பாத்திரத்த விட நீளம் அகலம் உயரம் எல்லாம் பத்து மடங்கு பெருசா ஒரு தொட்டி செஞ்சா, உள்ள பிடிக்கிறது ஆயிரம் மடங்கு, ஆனா சூடு உள்ள போற சுவர் பரப்பு நூறு மடங்குதான் கூடும். ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கிற சுவர் பத்துல ஒரு பங்கு ஆகிப்போச்சு. கீழக்கரை கல்யாணத்துல சஹன் சாப்பாட்டுக்கு (ஒரே பெரிய தட்டுல பல பேர் சேந்து சாப்பிடுறது) நெய்ச்சோறு ஆக்குறவங்க பெரிய தேக்சாவுக்கு அடியில மட்டும் தீ வைக்க மாட்டாங்க, மூடி மேலயும் கங்கு அள்ளிப் போடுவாங்க, அடியில இருந்து மட்டும் சூடு நடுவுக்கு வந்து சேராதுன்னு அவங்களுக்குத் தெரியும். இங்கயும் அதே கதைதான், லேப்ல பத்து நிமிஷத்துல 80 டிகிரிக்கு போன கரைசல், மத்த எல்லாம் அப்படியே இருந்தா, பெரிய தொட்டியில நூறு நிமிஷம் எடுக்கும். ஆறுறதுக்கும் அப்படித்தான். "சரி லேட்டா சூடாகட்டும், அதுக்கென்ன"ன்னு தோணும், ஆனா அந்த நூறு நிமிஷமும் பாசி காரத்துல ஊறிக்கிட்டும் வெந்துகிட்டும்தான் இருக்கு. லேப் நோட்டுல "80 டிகிரி, ரெண்டு மணி நேரம்"னு எழுதியிருப்பாங்க, சூடேத்துன நேரமும் ஆற விட்ட நேரமும் அதுல இருக்காது, ஏன்னா லேப்ல அது ஒரு பொருட்டே இல்ல. பெரிய தொட்டியில அதுவும் சேந்து வேகுற நேரம். அதோட சுவரு பக்கத்துல இருக்கற பாசி கூடுதலா வெந்து பிசின் கரைஞ்சு போகும், நடுவுல இருக்கறது வேகாம கெடக்கும், ரெண்டையும் சேத்து அரைச்சா ஜெல்லோட கெட்டித்தன்மை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு மாதிரி வரும். வாங்குற கம்பெனிக்காரன் மொத பேட்ச்ச பாத்து ஆர்டர் குடுத்துட்டு மூணாவது பேட்ச்ச திருப்பி அனுப்பறது இதனாலதான்.

கரண்ட் கணக்கும் பாத்துருங்க. ஆயிரம் லிட்டர் தண்ணிய 30-ல இருந்து 80 டிகிரிக்குக் கொண்டு போக சுமார் 58 யூனிட் வேணும், வெளிய போற சூட்ட சேக்காமலே. லேப்ல இது ஹாட்பிளேட்டு பிளக்க சொருகுனா முடிஞ்சுது. பைலட்ல பாய்லர், நீராவிக் குழாய், தொட்டிய சுத்தி நீராவி ஓடுற வெளிச்சுவர் (ஜாக்கெட்)னு போயிருது.

சூட்டுலயே இன்னொரு விஷயம், இது உயிர் போற விஷயம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தண்ணியில கரையறப்ப தானா சூடு வரும். லேப்ல 80 கிராம ஒரு லிட்டர்ல மெதுவா போட்டு கலக்குனா பீக்கர் கொஞ்சம் வெதுவெதுன்னு ஆகும், அந்தச் சூடு கண்ணாடி வழியா காத்துல போயிரும். ஆயிரம் லிட்டருக்கு 80 கிலோ. அதுல வர்ற சூடு மொத்த தொட்டியையும் ஏறக்குறைய 20 டிகிரி ஏத்தும், வெளிய போக வழி கம்மி. அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊர் மேல்தொட்டி தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அதுல இது சேந்தா அடுப்பே பத்த வைக்காம அம்பதத் தாண்டிரும். மூட்டையோட கவுத்து விட்டா அடியில கட்டியா உக்காந்து அந்த இடத்துல மட்டும் கொதிச்சு மேல தெறிக்கும், காரம் கண்ணுல பட்டா பார்வை போயிரும். கொஞ்சம் கொஞ்சமா போடணும், கலக்கிக்கிட்டே போடணும், கண்ணாடி, கையுறை, முகமூடி போடாம கிட்ட போகவே கூடாது, பக்கத்துல கண்ணு கழுவ ஓடுற தண்ணி இருக்கணும். வேற சில புராசஸ்ல ரியாக்ஷனே சூட்ட கக்கும், சூடு ஏற ஏற ரியாக்ஷன் இன்னும் வேகமாகும், பீக்கர்ல சாதுவா இருந்தது பெரிய தொட்டியில கட்டுக்கு அடங்காம போய் வெடிச்சிருக்கு. அதனால எந்தப் புது புராசஸா இருந்தாலும் "இதுல எவ்வளவு சூடு வருது, அது எங்க போகும்"ங்கறதுதான் மொத கேள்வியா இருக்கணும்.

அடுத்தது கலக்குறது. லேப்ல சின்ன விசிறி நிமிஷத்துக்கு 300 சுத்து சுத்துதுன்னு வைங்க. பெரிய தொட்டியிலயும் 300 சுத்தே வச்சா என்ன ஆகும்? விசிறிக்கு வேணும்ங்கற பவர் சுத்து வேகத்தோட மூணாவது மடியிலயும் விசிறி விட்டத்தோட அஞ்சாவது மடியிலயும் ஏறும். விட்டம் பத்து மடங்குன்னா பவர் ஒரு லட்சம் மடங்கு! லேப்ல ஒரு வாட் தின்ன விசிறி இங்க 100 கிலோவாட் கேக்கும், அப்படி ஒரு மோட்டார போட்டீங்கன்னா பாசி கூழாகி வடிகட்டவே முடியாம போயிரும். அதனால லிட்டருக்கு இவ்வளவு பவர்னு வச்சு குறைப்பாங்க, அப்படிக் குறைச்சா சுத்து 65 பக்கத்துல வரும், அப்ப முழுசா கலந்து முடிய லேப்ல ஆன மாதிரி நாலரை மடங்கு நேரம் ஆகும், விசிறி நுனி மட்டும் லேப்ல இருந்தத விட ரெண்டு மடங்கு வேகமா பாசிய அடிக்கும். எல்லாத்தையும் ஒண்ணா லேப் மாதிரியே வைக்க வழியே கிடையாது. சூட்ட லேப் மாதிரி வச்சா கலக்குறது மாறும், கலக்குறத வச்சா பாசி மேல விழுற அடி மாறும். எது இந்தப் பாசிக்கு முக்கியம், எத விட்டுக்குடுக்கலாம்னு கண்டுபிடிக்கறதுதான் பைலட்டோட வேலையில பாதி.

நறுக்குற அளவும் இதுலதான் வரும். லேப்ல ஒரு புள்ள கத்திரிக்கோல் வச்சு ஒரே அளவா நறுக்கும். பிளான்ட்ல நறுக்குற மிஷின்ல இருந்து ஒண்ணு சின்னதா ஒண்ணு பெருசா வரும். காரம் பாசிக்குள்ள ஊறிப் போற நேரம் தடிமனோட வர்க்கத்துல ஏறும், அதாவது துண்டு ரெண்டு மடங்கு தடிமனா இருந்தா நாலு மடங்கு நேரம். காயறதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இப்ப ஷீட்டுக்கு வருவோம், எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான், வீடியோவுல யாருமே இத சொல்றதில்ல. 2 சதவீத கரைசல்னா ஒரு கிலோ ஷீட் எடுக்க 49 கிலோ தண்ணிய ஆவியாக்கணும். ஒரு கிலோ தண்ணிய ஆவியாக்க சுமார் 2,400 கிலோஜூல், 49 கிலோவுக்குப் பாத்தா ஏறக்குறைய 33 யூனிட். கொஞ்சமும் வீணாகாம இருந்தா 33, நிஜ டிரையர்ல அதுக்கு மேலதான். யூனிட் 7 ரூபான்னு சும்மா வச்சுக்கிட்டாலும் ஒரு கிலோ ஷீட்டுக்குக் காய வைக்கிற செலவு மட்டும் 230 ரூபா. பிளாஸ்டிக் கவர்ல தண்ணியே கிடையாது, உருக்கி ஊதி எடுத்துருவாங்க, அதனால அதோட மோதுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. லேப்ல ஏன் இது தெரியலன்னா லேப்போட கரண்ட் பில்ல காலேஜ் கட்டுது, ஆராய்ச்சி நோட்டுல அது வரவே வராது.

சரி, 4 சதவீதமா கெட்டியா கரைச்சா? தண்ணி 24 கிலோவா குறையும், 16 யூனிட்ல முடியும், பாதிக்குப் பாதி மிச்சம். ஆனா கரைசல் பசை மாதிரி ஆகிரும், பம்பு தள்ளாது, உள்ள மாட்டுன காத்துக் குமிழி மேல வராது, ஷீட்ல ஓட்டை ஓட்டையா விழும், குழாய்ல கொஞ்சம் ஆறுனாலே அங்கேயே ஜெல்லாகி அடைச்சுக்கும். அப்ப குழாய் முழுக்க சூடா வைக்கணும், குமிழிய வேக்கம் வச்சு உறிஞ்சணும், அதுக்கு வேற செலவு. இந்த ரெண்டுக்கும் நடுவுல எந்த சதவீதத்துல நிக்கலாம்னு பீக்கர் சொல்லாது. கண்ணாடித் தட்டுல ராத்திரி முழுக்க காய வைக்கிறதும் ஃபேக்டரிக்கு ஒத்து வராது, ஓடுற பெல்ட்டுல மெல்லிசா ஊத்தி சூடான காத்துல சில நிமிஷத்துல காயணும், அப்படி வேகமா காய வச்சா மேல தோல் கட்டி உள்ள ஈரம் மாட்டிக்கும், ஓரம் சுருளும். லேப் ஷீட்டும் பெல்ட் ஷீட்டும் ஒரே கரைசல்ல வந்தாலும் ஒரே பொருள் இல்லன்னே வச்சுக்கங்க, இழுவிசைய மறுபடியும் மொதல்ல இருந்து அளக்கணும்.

காய வைக்கிறதுன்ன உடனே பாசியையே காய வைக்கிறது ஞாபகம் வருது. பச்சைப் பாசி பத்து கிலோவுக்கு காஞ்சது ஏறக்குறைய ஒரு கிலோதான். ஒரு டன் காஞ்ச பாசின்னா ஒம்போது டன் தண்ணி போயிருக்குன்னு அர்த்தம், அத கரண்ட்ல ஓட்டுனா ஆறாயிரம் யூனிட். அம்புட்டையும் நம்ம வெயில் சும்மா தருது, கரையில விரிச்சுப் போட்ட பெண்கள் அத வாங்கித் தர்றாங்க, இந்த உழைப்ப எந்த புராஜெக்ட் ரிப்போர்ட்லயும் சரியா எழுதி நான் பாத்ததில்ல. ஆனா வெயில்ல காய வைக்கிறதுக்கு இடம் வேணும். பத்து மடங்கு பாசிக்கு பத்து மடங்கு கரை, அதுல எந்தக் குறுக்கு வழியும் இல்ல. மணல்ல போட்டா மணலும் சேந்து வரும், அது பம்பையும் அரவை மிஷினையும் தின்னுரும், அதனால வலை விரிச்சு உயரத்துல காய போடணும். ஐப்பசி கார்த்திகை மழையில காயாது. வாடைக் காத்து அடிக்கிறப்ப பாக் ஜலசந்தி பக்கம் மிதவையே நிக்காது. கோடையில தண்ணி சூடாகி பாசி வெளுத்து உதிரும், 2013 வாக்குல அப்படி ஏகப்பட்ட பாசி செத்துப் போய் வளத்தவங்க கைய சுட்டுக்கிட்டாங்க. லேப்ல ஒரே மூட்டை பாசிய வருஷம் முழுக்க வச்சு சோதனை பண்ணலாம், பிளான்ட்டுக்கு ஒவ்வொரு வண்டியிலயும் வேற பாசி வரும், ஈரம் வேற, உப்பு வேற, வயசு வேற. அதனால பைலட்ட நல்ல பாசிய மட்டும் பொறுக்கிப் போட்டு ஓட்டுனா அந்த நம்பர்ல பிரயோஜனம் இல்ல, வர்ற பாசிய வந்த மாதிரி போட்டு ஓட்டணும்.

இதுக்கு ஒரு நல்ல மாற்று வழிய மண்டபத்துல வளத்துப் பாத்த அந்த மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனமே கண்டுபிடிச்சு பேட்டன்ட் வாங்கியிருக்கு. பச்சைப் பாசிய காய வைக்காம அப்படியே நசுக்கிப் பிழிஞ்சா சாறு வரும், அது செடிக்குத் தெளிக்கிற உரம், மிச்ச சக்கையில இருந்து கராஜினன். ஒரே பாசியில ரெண்டு பொருள், தண்ணியில பெரும்பகுதி ஆவியாக்காமலே போயிருது. அதுக்கு பதிலா ஒரு நிபந்தனை வந்து உக்காருது, பச்சைப் பாசி கெடுறதுக்குள்ள அரைக்கணும், அப்ப பிளான்ட் கரைக்குப் பக்கத்துலதான் இருந்தாகணும், மதுரையில போட முடியாது. ஒரு புராசஸ் முடிவு ஒரு ஊர் முடிவா மாறுறது இப்படித்தான்.

அடுத்து லேப்ல சுத்தமா கண்ணுல படாத ஒண்ணு: திரும்பத் திரும்பப் பயன்படுத்தறது. லேப்ல ஒவ்வொரு தடவையும் புது காரம், வேலை முடிஞ்சா சிங்க்ல ஊத்தியாச்சு. பிளான்ட்ல ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஆயிரம் லிட்டர் காரத்த கொட்டுனா காசும் போச்சு, ஊரும் போச்சு. அதனால வடிச்ச காரத்துல கொறஞ்சத மட்டும் சேத்து மறுபடியும் போடுவாங்க. ரெண்டாவது தடவை நல்லாத்தான் இருக்கும். அஞ்சாவது பத்தாவது தடவை என்ன ஆகும்? பாசியோட நிறம், உப்பு, கரைஞ்ச புரதம், துணுக்குப் பிசின் எல்லாம் அந்தக் காரத்துலயே சேந்துகிட்டே போகும், பவுடர் பழுப்பா வர ஆரம்பிக்கும், நாத்தம் வரும், நுரை பொங்கும். ஒரு தடவைக்குக் கண்ணுக்கே தெரியாத அழுக்கு பத்து தடவையில பிளான்ட்டையே நிறுத்தும். எத்தன தடவைக்கு அப்புறம் எவ்வளவு எடுத்து வெளிய விடணும், அதுக்குப் பதிலா எவ்வளவு புதுசு சேக்கணும்ங்கற நம்பர் தொடர்ந்து ஓட்டுனாத்தான் கிடைக்கும். ஒரு பேட்ச் ஓட்டி ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்துட்டு நிறுத்துற பைலட் இத சொல்லவே சொல்லாது.

நாள் கணக்குல ஓட்டுனாத்தான் தெரியுற இன்னொண்ணு தொட்டியும் குழாயும். இதுக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் அமோனியா. 1909-ல ஜெர்மனியில ஃப்ரிட்ஸ் ஹேபர் காத்துல இருக்கற நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அழுத்தி மேஜை மேல இருந்த கருவியில அமோனியா சொட்டு சொட்டா எடுத்துக் காட்டிட்டார். அத ஃபேக்டரியா ஆக்குற வேலை பிஏஎஸ்எஃப் கம்பெனியில கார்ல் பாஷ் கையில வந்துச்சு. பெரிய எஃகுக் குழாய் செஞ்சு ஓட்டுனா சில நாள்ல வெடிச்சுது. என்னன்னு வெட்டிப் பாத்தா, அந்த அழுத்தத்துலயும் சூட்டுலயும் ஹைட்ரஜன் எஃகுக்குள்ள புகுந்து அதுல இருக்கற கார்பன தின்னு எஃக நொறுங்கிப் போக வச்சிருக்கு. லேப் கருவி அம்புட்டு நேரம் ஓடாததால அங்க இது தலை காட்டவே இல்ல. பாஷ் என்ன பண்ணார்னா உள்பக்கம் கார்பன் கம்மியான மெல்லிரும்பு உறை, அழுத்தத்த தாங்க வெளிய எஃகு, அந்த எஃகுல சின்னச் சின்ன ஓட்டை, உறை வழியா கசியுற ஹைட்ரஜன் அந்த ஓட்டை வழியா வெளிய போயிரும். அதே கம்பெனியில ஆல்வின் மிட்டாஷ்ங்கறவர் குழு ஆயிரக்கணக்கான வினையூக்கிகள சோதிச்சு, ஹேபர் வச்சிருந்த கிடைக்காத ஆஸ்மியத்துக்கு பதிலா இரும்புல செஞ்ச மலிவான ஒண்ண கண்டுபிடிச்சுது. ஓப்பாவ்ங்கற ஊர்ல 1913-ல ஃபேக்டரி ஓட ஆரம்பிச்சுது. மேஜைல இருந்து ஃபேக்டரிக்கு நாலு வருஷம், அதுவும் பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத கம்பெனியில. ஹேபருக்குக் கிடைச்ச நோபல் பரிசு பாஷுக்கும் 1931-ல கிடைச்சுது, பெருசாக்குற வேலையும் கண்டுபிடிப்புதான்னு அப்பவே ஒத்துக்கிட்டாங்க.

நம்ம பாசியில அம்புட்டு அழுத்தம் இல்லதான், ஆனா பாசியில குளோரைடு உப்பு நிறைய இருக்கு, அது சாதாரண 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல புள்ளி புள்ளியா குழி தோண்டும், அதனால 316ங்கற ரகத்து பக்கம் போக வேண்டியிருக்கும், விலை கூட. அலுமினியப் பாத்திரமோ துத்தநாகம் பூசுன வாளியோ காரத்துல போடவே கூடாது, அரிச்சு ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பிடிக்கும். வெளிய இருந்து நம்ம உப்புக் காத்து வேற. பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு எம்புட்டு தடவை பெயின்ட் அடிச்சும் துரு எப்படி வேலை காட்டுச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், அந்தக் காத்துலதான் பிளான்ட்டோட மோட்டாரும் பேனலும் நிக்கணும். கோயம்புத்தூர்ல ஓட்டிப் பாத்த மிஷின் மண்டபத்துல அதே ஆயுசுக்கு ஓடும்னு எடுத்துக்காதீங்க.

பணத்துக்கு வருவோம். இன்ஜினியருங்க ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க, கொள்ளளவு பத்து மடங்கானா தொட்டி, பாய்லர் மாதிரி சாமானோட விலை நாலு மடங்குதான் ஆகும். இதனாலதான் எல்லாருக்கும் "நேரா பெருசா போட்டுரலாம்"னு ஆசை வருது. கணக்கு சரிதான், ஆனா அது ஓடுற பிளான்ட்டுக்கு. ஓடாத பிளான்ட்டுக்கு நாலு மடங்கு நஷ்டம். அதோட மேல சொன்ன காய வைக்கிற கரைக்கும், நாத்து கட்டுற கைக்கும் இந்த சலுகை கிடையாது, பத்து மடங்குன்னா பத்து மடங்குதான். பைலட்ல கிலோவுக்கு ஆகுற செலவு எப்பவுமே கூடத்தான் வரும், அத வச்சு "இது கட்டாது"ன்னு முடிவு பண்றதும் தப்பு, அந்த செலவுல எது பெருசானா குறையும், எது குறையவே குறையாதுன்னு பிரிச்சுப் பாக்கணும். பைலட்டுக்குக் காசு கிடைக்கறதுதான் இருக்கறதுலயே கஷ்டம், ஆராய்ச்சிப் பணம் குடுக்கறவங்க "லேப்லதான் முடிஞ்சிருச்சே"ம்பாங்க, பேங்க்ல "இன்னும் வித்து காட்டலையே"ம்பாங்க. திருவாடானை பக்கம் வளமாவூர்ல 127.71 கோடி ரூபாயில கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல அடிக்கல் நாட்டுனாங்க. அந்த மாதிரி இடத்துல எல்லாரும் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாக்கற மாதிரி ஒரு பொது பைலட் ஹால், ஒரு ஆயிரம் லிட்டர் ஜாக்கெட் தொட்டி, ஒரு வடிகட்டி, ஒரு சின்ன பெல்ட் டிரையர் இருந்தா, நம்ம புள்ளைக லேப்ல செஞ்சத வச்சுக்கிட்டு வெளியூர் போய் நிக்க வேணாம்ங்கறது என் ஆசை.

கழிவுத் தண்ணிய கடைசிக்குத் தள்ளக் கூடாது, பைலட் மொத நாள்ல இருந்தே அளக்கணும். வெந்த பாசிய காரம் போகக் கழுவ ஒரு தடவை பத்தாது, ஒவ்வொரு கழுவலும் பல நூறு லிட்டர். நல்ல தண்ணிக்கு நம்ம மாவட்டம் படுற பாடு தெரிஞ்சுதான் இத சொல்றேன், குடத்துல தண்ணி பிடிக்கிற ஊர்ல ஒரு பிளான்ட் எவ்வளவு தண்ணி குடிக்கும்னு மொதல்லயே ஊர்க்காரங்ககிட்ட நம்பரா சொல்லணும். மொத ரெண்டு கழுவல கடல் தண்ணியில பாக்கலாமா, கடைசி கழுவுன தண்ணிய அடுத்த பேட்ச்சுக்கு மொத கழுவலா எடுக்கலாமா, இதெல்லாம் பைலட்ல சோதிக்க வேண்டியது. கழிவுல பொட்டாசியம் இருக்கு, சரியான அமிலத்த வச்சு நடுநிலையாக்கி உரமா மாத்த முடியுமான்னு பாக்கறதும் ஒரு வழி. எப்படியும் அது கடலுக்குப் போகக் கூடாது, இந்தக் கரைக்கு முன்னாடி 21 தீவோட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கு. இந்தப் பாசியே குருசடைத் தீவு பவளத்து மேல படர்ந்துருச்சுன்னு 2008-ல ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருக்காங்க, அதனால பாசி எங்க வளருதுங்கறதையும் பிளான்ட் கணக்கோட சேத்துத்தான் பாக்கணும்.

கெமிஸ்ட்ரி படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பைலட் பிளான்ட் இல்லாமலே இதுல பாதிய இப்பவே தொடங்கலாம். லேப்ல ஓட்டுறப்பவே சூடேத்துன நேரம், ஆறுன நேரம் ரெண்டையும் எழுதுங்க. கழுவுன தண்ணி எத்தன லிட்டர்னு எழுதுங்க. அதே காரத்த பத்து தடவை திருப்பிப் பயன்படுத்தி ஒவ்வொரு தடவையும் ஜெல்லோட கெட்டித்தன்மையும் நிறமும் அளந்து வைங்க. மண்டபத்துல ஒரு மூட்டை, தொண்டியில ஒரு மூட்டை, மழைக்காலத்துல ஒண்ணு, கோடையில ஒண்ணுன்னு பாசி வாங்கி ஓட்டுங்க. உள்ள போன ஒவ்வொரு கிராமும் எங்க வெளிய வந்துச்சுன்னு கூட்டிப் பாருங்க, கூட்டல் நூத்துக்கு தொண்ணூத்தஞ்சாவது வரலன்னா ஏதோ ஒண்ணு ஆவியாகவோ வடிகாலுக்கோ போகுது, அது என்னன்னு கண்டுபிடிச்சுட்டு அப்புறம் ரிப்போர்ட் எழுதுங்க. பைலட் ஓட்டுறவங்க புரட்டாசில ஆரம்பிச்சு மாசியில முடிச்சுட்டுப் போகாம, ஒரு முழு வருஷம், மழையையும் வெக்கையையும் சேத்து ஓட்டுங்க. அந்த அக்கா கேட்டதுக்கு பதில நம்பரா சொல்லணும்னா இம்புட்டும் வேணும்.